நொச்சி சூடிய வானோடி

தகடூராம் தருமபுரியில் நின்று வீரத்தைப் பற்றிப் பேச வருகிறவனுக்கு ஒரு பொறுப்பு உண்டு. இது அதியமான் நெடுமான் அஞ்சி கோட்டைக்குள் நின்று காத்த மண். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை பெரும்படையோடு வந்து முற்றுகையிட்ட மண். அந்தப் போரில் அஞ்சி தோற்றான், மாண்டான். வென்ற சேரனை அரிசில் கிழார் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடினார். ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து இந்த மாவட்டத்தில் ஊர்ப்பெயராக நிற்பது யார் பெயர்? தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் பெயர் யாருடையது? வென்றவன் பெயரா? இல்லை, தோற்றவன் பெயர். அதியமான்கோட்டை என்றுதான் பேருந்தில் சீட்டு வாங்குகிறோம். இந்த மக்கள் வெற்றியை ஒரு கோலாலும் வீரத்தை வேறொரு கோலாலும் அளந்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது கோல் எது? அதைத் தேடுவதுதான் இன்றைய என் பேச்சு. அதைத் தேடுவதற்கு உங்களை இங்கிருந்து வடக்கே, காஷ்மீரப் பள்ளத்தாக்கிற்கு, 1971 டிசம்பர் 14ஆம் நாள் காலைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

பாகிஸ்தானோடு போர் நடந்துகொண்டிருந்த அன்று, ஸ்ரீநகர் விமானத் தளத்தில் புறப்பட ஆயத்தமாக இருந்தவர்களில் ஒருவர் பிளையிங் ஆபிசர் நிர்மல்ஜித் சிங் செகோன். பஞ்சாபில் லூதியானாவை அடுத்த இசேவால் என்னும் சிற்றூர்க்காரர். தந்தையும் விமானப்படையில் பணியாற்றியவர். 1967 ஜூனில் விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர். அதே 1971ஆம் ஆண்டில்தான் திருமணம் நடந்திருந்தது. அவருடைய 18ஆம் படையணி ஓட்டியது ‘நேட்’ என்னும் சிறிய போர் விமானம். சிறிய விமானம் என்றால் எவ்வளவு சிறியது? மூக்கிலிருந்து வால் வரை ஒன்பது மீட்டருக்குள் அடங்கிவிடும். எதிரே வந்த பாகிஸ்தானின் சேபர் விமானமோ பதினொரு மீட்டருக்கு மேல் நீளமானது. நேட்டில் இரண்டு பீரங்கிகள். சேபரில் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். நேட்டின் பீரங்கிகள் சண்டைக்கு நடுவே சிக்கிக்கொள்ளும் குறை 1965 போரிலேயே தெரிந்திருந்தது. அது வேகமாக மேலே ஏறும், குறுகிய வட்டத்தில் திரும்பும். அதுதான் அதன் பலம்.

இன்னொரு செய்தியையும் நாம் மறந்துவிடக் கூடாது. 1948இல் செய்துகொண்ட பன்னாட்டு உடன்பாட்டின்படி ஸ்ரீநகரில் இந்தியா போர் விமானங்களை நிறுத்தி வைத்திருக்கவில்லை. 1971இல் போர் மூண்ட பிறகே அவை அங்கு சென்றன. ஆகவே செகோனுக்கு அந்தப் பள்ளத்தாக்கும் அதன் மலை முகடுகளும் பழக்கமானவை அல்ல. டிசம்பர் மாதத்துக் காஷ்மீரக் குளிரும் உயரமும் பழக்கமானவை அல்ல. மலை சூழ்ந்த இடம் என்பதால் ராடார் நெடுந்தொலைவு பார்க்காது. எதிரி விமானங்கள் வருவது தெரிவதற்கும் தலைக்கு மேல் வந்துவிடுவதற்கும் இடையில் கிடைப்பது சில நிமிடங்களே.

அந்தக் காலையில் பெஷாவரிலிருந்து ஆறு சேபர்கள் வந்தன. நான்கு குண்டு வீச. இரண்டு அவற்றுக்குக் காவலாக. தளத்தில் இரண்டு நேட் விமானங்கள் ஓடுபாதைக்கு விரைந்தன. முதல் விமானத்தில் பிளைட் லெப்டினன்ட் குமன், இரண்டாவதில் செகோன். முதல் விமானம் கிளம்பி ஓடியது. அது கிளப்பிய புழுதிக்குப் பின்னால் செகோன் சில நொடிகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சில நொடிகளுக்குள் ஓடுபாதையில் குண்டுகள் விழத் தொடங்கிவிட்டன.

இந்த இடத்தில் சற்று நிற்போம். நம் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. வானில் நடக்கும் சண்டையில் ஒருவனுடைய செல்வம் இரண்டு: உயரம், வேகம். தரையிலிருந்து எழுகிற விமானத்துக்கு இந்த இரண்டும் இல்லை. அது திரும்ப முடியாது, ஒளிய முடியாது, நேர்க்கோட்டில் ஓடித்தான் ஆகவேண்டும். மேலே சுற்றுகிறவனுக்கு அதைவிட எளிய இலக்கு வேறில்லை. ஓடுபாதையில் எங்கே குண்டு விழும், எங்கே பள்ளம் விழும் என்பதும் தெரியாது. இவை அனைத்தும் செகோனுக்குத் தெரியும். தெரியாமல் செய்தவர் அல்லர் அவர்; நான்கு ஆண்டுப் பயிற்சி அவருக்கு இதைத்தான் கற்றுத் தந்திருந்தது. அந்த நேரத்தில் விமானத்தை நிறுத்திவிட்டு இறங்கிப் பதுங்குகுழிக்கு ஓடியிருந்தால் யாராவது குறை சொல்லியிருப்பார்களா? எந்த விசாரணையும் குறை சொல்லியிருக்காது. ஓடுபாதை தாக்குதலுக்கு உள்ளாகிவிட்டது என்ற ஒரு வரி போதுமானதாக இருந்திருக்கும். அவர் பதுங்கவில்லை. குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த ஓடுபாதையில் விமானத்தை ஓட்டி மேலெழுந்தார்.

எழுந்தவர் கண்ணில், குண்டு வீசிவிட்டுத் திரும்பும் இரண்டு சேபர்கள் பட்டன. அவற்றின் பின்னால் சென்றார். முதலில் எழுந்த குமன், தாழ்வாகப் படர்ந்திருந்த மூட்டத்தில் தன் துணைவரைக் காணாமல் தவறவிட்டார். அது அவர் குற்றமன்று. அந்த வானில் யாருக்கும் நேரக்கூடியது. ஆனால் அதன் விளைவு, செகோன் தனியானார். இரண்டு சேபர்களை அவர் துரத்த, மற்றவை அவரைத் துரத்த, மர உச்சிகளின் உயரத்தில் அந்தச் சண்டை நடந்தது. இரண்டு சேபர்களின் பின்னால் இருக்கிறேன், தப்பவிட மாட்டேன் என்று வானொலியில் அவர் சொன்னது தளத்தில் கேட்டது. கடைசியாக அவர் பேசியது, தன் விமானம் அடிபட்டுவிட்டதுபோல் இருக்கிறது, குமன் வந்து அவர்களைப் பிடிக்க வேண்டும் என்பது. என்னைக் காப்பாற்று என்று அவர் கேட்கவில்லை. வேலை முடியவில்லை, யாராவது வந்து முடியுங்கள் என்றார். விமானத்தின் மேல்மூடி கழன்று பறந்ததைக் கண்டிருக்கிறார்கள்; இறுதி நேரத்தில் வெளியே குதிக்க முயன்றிருக்கிறார்; அதற்கான உயரம் இருக்கவில்லை. விமானத்தின் சிதைவுகள் ஒரு பள்ளத்தில் கிடைத்தன. எவ்வளவு தேடியும் உடல் கிடைக்கவில்லை. இந்திய விமானப்படையில் இன்றுவரை பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர் மட்டுமே.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். எதிர்வாதம் கேட்காத புகழுரையால் வீரனுக்குப் பெருமை இல்லை.

அவர் எத்தனை விமானத்தை வீழ்த்தினார் என்று கேட்பார்கள். இந்திய அரசின் விருதுரை, ஒரு சேபரின் மீது அவர் சுட்ட குண்டுகள் பட்டன, இன்னொன்றைச் சேதப்படுத்தினார் என்கிறது. பாகிஸ்தான் தரப்போ தங்கள் விமானங்கள் அனைத்தும் திரும்பிவிட்டன என்கிறது. போர்க்காலத்தில் இரண்டு நாடுகளின் கணக்கும் ஒத்துப்போவது அரிது. இது இந்தப் போருக்கு மட்டும் உரியதன்று. சரி, பாகிஸ்தானின் கணக்கையே முழுவதும் ஏற்றுக்கொள்வோம். ஒரு சேபர்கூட விழவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இதனால் செகோனின் வீரத்தில் எள்ளளவு குறைகிறதா? குறையாது என்பது என் வாதம். நான் மட்டும் சொல்லவில்லை. உங்கள் ஊர்க் கற்கள் சொல்கின்றன. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் இந்த மாவட்டத்து வயல்வரப்புகளிலும் பல்லவர் காலம் தொட்டு நட்ட நடுகற்கள் நிற்கின்றன. வட்டெழுத்தில் பொறித்த அந்தக் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று இருக்கும். எந்தத் தலைவனின் சேவகன் என்று இருக்கும். எந்த ஊர் மாடுகளைக் கள்வர் கவர்ந்தார்கள், அவற்றை மீட்கப் போய் எவன் மடிந்தான் என்று இருக்கும். எத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்கை அவை பெரும்பாலும் பேசுவதில்லை. ஏன்? செதுக்கியவனுக்கு எண்ணத் தெரியாதா? ஆட்சியாண்டை எண்ணத் தெரிந்தவனுக்குப் பிணங்களை எண்ணத் தெரியாமல் போகுமா? அந்தக் கணக்கு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஊரின் உடைமைக்கு ஆபத்து வந்தபோது இவன் எதிரே போய் நின்றான்; திரும்பவில்லை. கல் நட அது போதுமென்று எண்ணினார்கள். நம் முன்னோர் கையில் இருந்த இரண்டாவது கோல் அதுதான்.

அப்படியானால் இது வீரமா, வெறும் துணிச்சலா என்று அடுத்த கேள்வி வரும். ஆறு பேர் எதிரே நிற்கும்போது தனியாகப் போவது அறிவுடைமையா? அஞ்ச வேண்டியதற்கு அஞ்ச வேண்டும் என்று வள்ளுவரே சொல்லவில்லையா? சொல்லியிருக்கிறார், அதே வள்ளுவர் படைச்செருக்கு என்று ஓர் அதிகாரமே எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். துணிச்சலுக்கும் வீரத்துக்கும் வேறுபாடு பயனில் இருக்கிறது. விமானத் தளம் ஒன்று வானில் காவல் இல்லாமல் தாக்கப்பட்டால் என்ன ஆகும்? அதற்கு வரலாறு சான்று தருகிறது. 1965 செப்டம்பர் 6ஆம் நாள் பதான்கோட் தளத்தின் மீது சேபர்கள் வந்தபோது, நம் விமானங்கள் தரையில் நின்றபடியே எரிந்தன. ஏறத்தாழ பத்து விமானங்கள் அழிந்தன. 1967 ஜூன் 5ஆம் நாள் எகிப்தின் விமானப்படையின் பெரும்பகுதி ஒரே காலையில் தரையிலேயே அழிந்தது. தாக்க வருகிறவன் நிதானமாக ஒரு சுற்று வந்து, மீண்டும் ஒரு சுற்று வந்து, குறிபார்த்துச் சுடுகிறான். அந்த நிதானம்தான் தரையில் நிற்கும் தளத்தை அழிக்கிறது. ஒரே ஒரு காவல் விமானம் மேலே எழுந்துவிட்டால் அந்த நிதானம் போய்விடுகிறது. வந்தவன் கண்கள் கீழே இருக்கும் இலக்கை விட்டுத் தன் முதுகைப் பார்க்கத் தொடங்குகின்றன. செகோன் எழுந்தது சாவதற்காக அன்று. அந்தச் சுற்றுகளைக் கெடுப்பதற்காக. அது அவர் பணி. அந்தப் பணிக்காகத்தான் அவர் அந்தக் காலையில் ஆயத்த நிலையில் இருந்தார்.

நம் இலக்கணிகள் இந்த வேறுபாட்டை நன்றாக அறிந்திருந்தார்கள். கோட்டையைத் தாக்குவதை உழிஞை என்றார்கள். கோட்டையைக் காப்பதை நொச்சி என்று புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகவே பிரித்தது. தன் படை பின்வாங்கும்போது ஒருவன் மட்டும் நின்று எதிர்வரும் படையைத் தடுப்பதற்கு எருமை மறம் என்று பெயரிட்டு, தும்பைத் திணையில் ஒரு துறையாக வைத்தார்கள். தனி ஒருவன் பலரை எதிர்ப்பது அவ்வப்போது நடக்கும் ஒரு பைத்தியக்காரத்தனம் என்று அவர்கள் கருதியிருந்தால் அதற்கு ஒரு துறை வகுத்திருப்பார்களா? அது போரில் தேவைப்படும் ஒரு செயல், அதற்கென்று ஒரு நேரம் உண்டு, ஒரு பயன் உண்டு என்று கண்டுதான் வகுத்தார்கள். ஸ்ரீநகர் தளம் ஒரு கோட்டை. அதன் மதில் வானம். அந்த மதிலில் அன்று நொச்சி சூடி நின்றவர் செகோன்.

போர் முடியப்போகும் நேரத்தில் இந்த உயிர் போகலாமா என்று கலங்குகிறவர்களும் உண்டு. அந்தக் கலக்கம் நியாயமானது. டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கு எல்லையிலும் போர் நின்றது. இரண்டு மூன்று நாள் கடந்திருந்தால் அந்த இளைஞர் வீடு திரும்பியிருப்பார். இதை நினைக்கும்போது நெஞ்சு வலிக்கிறது. ஆனால் போர் எப்போது முடியும் என்பது 14ஆம் நாள் காலையில் ஓடுபாதையில் நின்றவருக்குத் தெரியாது. நமக்குப் பின்னால் தெரிந்ததைக் கொண்டு அவர் அப்போது செய்ததை அளப்பது முறையன்று. அந்த நொடியில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது? தலைக்கு மேல் எதிரி. கீழே தளத்தில் தன் தோழர்கள். அந்த இரண்டை வைத்துத்தான் அவர் முடிவெடுத்தார்; அந்த இரண்டை வைத்துத்தான் நாமும் அளக்க வேண்டும்.

இப்படிப் போற்றுவது போர் வெறியை வளர்க்காதா, அண்டை நாட்டின்மீது பகையை மூட்டாதா என்று அறிவுடையோர் சிலர் கேட்கிறார்கள். நான் மதிக்கும் கேள்வி இது. இதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை, எதிர்த்தரப்பிடம் இருக்கிறது. செகோனின் விமானத்தைச் சுட்டு வீழ்த்திய பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்சா, பின்னாளில் தாமே எழுதிய கட்டுரையில் செகோனின் வீரத்தையும் திறமையையும் பாராட்டினார். எதிரே நின்று சுட்டவர் எழுதினார்! அவருக்கு என்ன கட்டாயம்? எந்த அரசு அவரைக் கேட்டது? நான் முதலில் வைத்த கேள்விக்கு இதைவிடப் பெரிய சான்று வேறில்லை. வீரத்தை அளக்கும் அந்த இரண்டாவது கோல் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கத்துக்கு மட்டும் உரியதன்று. வெற்றிக் கணக்கில் இரண்டு நாடுகளும் உடன்படவில்லை. வீரக் கணக்கில் உடன்பட்டுவிட்டன. செகோனை நாம் போற்றும்போது அந்தப் பாகிஸ்தான் விமானியின் நேர்மையையும் சேர்த்தே போற்ற வேண்டும். அப்படிப் போற்றுகிற இடத்தில் பகை வளராது.

எதிரியின் சாட்சி எவ்வளவு அருமையானது என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஒரு வகையில் இது செகோனின் கதையைவிடத் துயரமானது. 1965 செப்டம்பர் 7ஆம் நாள், பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்க நம் முதலாம் படையணியின் மிஸ்டேர் விமானங்கள் சென்றன. குடகு நாட்டைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஏ. பி. தேவய்யா அந்தப் பட்டியலில் மாற்று விமானியாகத்தான் இருந்தார். சென்றார், திரும்பவில்லை. காணாமற்போனவர் என்று குறிப்பு எழுதப்பட்டது. அவருக்கு என்ன நேர்ந்தது என்று நம் தரப்பில் யாருக்கும் தெரியவில்லை. அவருடைய கடைசிச் சண்டையில் வானில் அவரோடு யாரும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1979இல், ஜான் பிரிக்கர் என்னும் ஆங்கில எழுத்தாளர் பாகிஸ்தான் விமானப்படையின் போர்க்கதையை நூலாக வெளியிட்டார். அதில் ஒரு செய்தி இருந்தது. ஒலியைப் போல் இரு மடங்கு வேகத்தில் பறக்கவல்ல ஸ்டார்பைட்டர் விமானம் ஒன்றை, அதைவிட மிக மெதுவான ஒரு மிஸ்டேர் எதிர்த்து நின்று சுட்டு வீழ்த்தியது; ஸ்டார்பைட்டரின் விமானி அம்ஜத் உசேன் குதித்து உயிர் தப்பினார். அந்த மிஸ்டேர் யாருடையது என்று கணக்கிட்டுப் பார்த்தபோது, அது தேவய்யாவுடையதாகத்தான் இருக்க முடியும் என்று தெரிந்தது. 1988இல் அவருக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. இருபத்து மூன்று ஆண்டுகள்! இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அவர் வீரம் இல்லாமல் போயிருந்ததா? இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை. விருது வந்ததால் அவர் வீரர் ஆகவில்லை. ஆறாத் துயரோடு இருந்த ஒரு குடும்பத்துக்கு, தங்கள் பிள்ளை எப்படி நின்றான் என்ற உண்மை கிடைத்தது. உண்மை கிடைப்பதும் ஒரு நீதிதான்.

கடல் கடந்தும் இதே அளவுகோல் செல்லுகிறது. 1944 ஜனவரி 11ஆம் நாள், ஜெர்மனியின் வானில், அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஹவார்ட், குண்டுவீச்சு விமானக் கூட்டம் ஒன்றுக்குக் காவலாக முப்பதுக்கு மேற்பட்ட ஜெர்மன் போர் விமானங்களைத் தனி ஒருவராக அரைமணி நேரத்துக்கு மேல் எதிர்த்து நின்றார். அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த விருதைப் பெற்றுத் தந்தது அவர் கொடுத்த கணக்கு அன்று. அவர் காப்பாற்றிய குண்டுவீச்சு விமானங்களில் இருந்தவர்கள் தரை இறங்கியதும், அந்தத் தனி விமானி யார் என்று தேடினார்கள். தங்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். ஹவார்டும் தேவய்யாவும் செகோனும் இரு வேறு நாட்டவர், வெவ்வேறு முடிவு கண்டவர்கள். ஒருவர் உயிரோடு திரும்பினார், இருவர் திரும்பவில்லை. ஆனால் மூவரையும் நாம் அறிய முடிந்தது, கண்டவர் சொன்னதால். கண்டவர் சொல்லாமல் இருந்திருந்தால்?

இந்தக் கேள்வியைத்தான் உங்கள்முன் வைத்து, ஒரு வேண்டுகோளோடு முடிக்கப் போகிறேன். தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூல் இன்று முழுமையாக இல்லை. சில பாடல்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. நம் சொந்த மண்ணின் மாபெரும் போருக்கே இந்த நிலை. நடுகல் நடுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளைத் தொல்காப்பியம் எண்ணி வைத்தது. அவ்வளவு கவனத்தோடு தங்கள் ஊர் வீரனை நினைவில் வைத்த மரபின் பிள்ளைகள் நாம். இந்த மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து படைக்குப் போனவர்கள் உண்டு. போய்த் திரும்பாதவர்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேருடைய கடைசி நாள் அவர்கள் ஊர்க்காரர்களுக்கே தெரியும்?

செகோனின் 18ஆம் படையணி பின்னாளில் எங்கே வந்தது தெரியுமா? 2020 மே மாதத்தில் அது நம் கொங்கு நாட்டில், கோவையை அடுத்த சூலூர் விமானத் தளத்தில், தேஜஸ் விமானங்களோடு இயங்கத் தொடங்கியது. காஷ்மீரத்து வானில் நடந்த கதை என்று நினைத்தோம். அந்தப் படையணி இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள தளத்துக்கே வந்தது. தமிழாசிரியர்களே, புறத்திணை நடத்தும்போது நொச்சிக்கு எடுத்துக்காட்டாக இந்த வரலாற்றையும் சொல்லுங்கள். எத்தனை விமானம் விழுந்தது என்ற சர்ச்சையை மறைக்காமல் சொல்லுங்கள். மாணவர்களே, உங்கள் ஊரில் படையிலிருந்து திரும்பாத ஒருவரின் வீடு இருந்தால், அவருடைய பெயரையும் படையணியையும் அவர் மடிந்த இடத்தையும் நாளையும், அவரோடு பணியாற்றியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி, ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ ஓர் ஏட்டில் பதிந்து வையுங்கள். முன்னாள் வீரர்களே, அவர்கள் வந்து கேட்கும்போது உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.